எதைத் தொட்டது அந்த மலை?

தொட்டபெட்டா உச்சியில் மூடுபனி விலகுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தோம். ஏப்ரல் கடைசி. கீழே கோவையில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நாளில், மேலே என் மகள் என்னுடைய ஸ்வெட்டருக்குள் இரண்டு கைகளையும் நுழைத்துக்கொண்டு நின்றாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. தொலைநோக்கி இல்லத்து வரிசை நகரவில்லை. பார்ப்பதற்கும் எதுவும் இல்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே வெள்ளை. சும்மா நிற்கத் தெரியாத பிள்ளை, பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, தொட்டபெட்டா என்றால், எதைத் தொட்டது?" நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வானத்தை" என்றேன். "தமிழ்நாட்டிலேயே உயரமான மலை இல்லையா? அதனால் வானத்தைத் தொட்ட மலை." "பெட்டா?" "அது அந்தக் காலத்துச் சொல்." அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. மூடுபனிக்குள் கையை உயர்த்தி, "நானும் தொட்டுவிட்டேன்" என்றாள். அந்த நிமிடத்தில் எடுத்த படம் இன்றும் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

மறு வருடம் பள்ளியில் 'நான் பார்த்த மலை' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். அவள் எழுதிய முதல் வரியே இந்தத் 'தொட்ட' கதைதான். ஆசிரியர் அதன் கீழே சிவப்பு மையால் 'அருமை' என்று எழுதியிருந்தார். நானும் மகிழ்ந்தேன். பொய் சொல்லிவிட்டோம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை, ஏனென்றால் நான் சொன்னதை நானே நம்பினேன். யாரோ எனக்குச் சொன்னார்கள், நான் என் மகளுக்குச் சொன்னேன், அவள் நாற்பது பிள்ளைகளுக்கு வகுப்பில் படித்துக் காட்டினாள். ஒரு மலையின் பெயருக்குத் தவறான பொருள் இப்படித்தான் தலைமுறை தாண்டுகிறது என்று இப்போது நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் இதில் கூடுதல் வருத்தம். திருமணத்துக்கு முன் மூன்று ஆண்டுகள் பெங்களூரில் வேலை பார்த்தேன். தினமும் தொட்டபல்லாபூர் என்று பலகை மாட்டிய பஸ் என் நிறுத்தத்தைக் கடந்து போகும். அதற்குப் பின்னால் சிக்கபல்லாபூர் பஸ் வரும். தொட்ட என்றால் பெரிய, சிக்க என்றால் சின்ன என்பது அந்த ஊரில் ஒரு மாதம் இருந்தவருக்கே தெரியும். நான் குடியிருந்த வீட்டுக்காரரின் பிள்ளைகள், தங்கள் அம்மாவின் அக்காவை 'தொட்டம்மா' என்று அழைப்பார்கள். நம்முடைய பெரியம்மா. ஞாயிற்றுக்கிழமைகளில் நந்தி பெட்டத்துக்குப் போய்ச் சூரிய உதயம் பார்த்திருக்கிறேன். பெட்ட என்றால் மலை. இரண்டு சொற்களும் என் காதில் மூன்று ஆண்டுகள் புழங்கியவை. ஆனாலும் அவற்றை ஊட்டியிலுள்ள மலையோடு நான் ஒருமுறைகூடச் சேர்த்துப் பார்த்ததில்லை.

ஒரு பெயர் வந்த வழி

ஏன் சேர்த்துப் பார்க்கவில்லை என்று பல நாட்கள் யோசித்தேன். காரணம் எழுத்தில் இருக்கிறது. கன்னடத்தில் அந்தச் சொல்லின் முதல் ஒலி, நாம் 'தயவு' என்று சொல்லும்போது வருகிற தகரம். நடுவில் வருவது 'வண்டி' என்பதில் இருக்கிற டகரத்தை இரட்டித்தாற்போன்ற ஒலி. தமிழில் அப்படி இரட்டிக்கும் வழக்கம் கிடையாது. நமக்கு ட்ட என்றால் பட்டம், வட்டம், கட்டம் என்பதில் வரும் வல்லோசைதான். எனவே அந்தச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிய கணத்திலேயே அது 'தொட்ட' என்ற நம் வினைச்சொல்லாக மாறிவிடுகிறது. படிக்கிற தமிழனிடம் தவறு இல்லை. எழுத்து கையில் கொடுப்பதைத்தான் அவன் வாங்கிக்கொள்கிறான். வானமும் பக்கத்திலேயே இருப்பதால் கதை தானாகவே கட்டிக்கொள்கிறது.

கடைசியில் நிற்கும் அந்த நெடிலைப் பாருங்கள். கன்னடத்திலும், நீலகிரியின் படுகர்கள் பேசும் மொழியிலும் அது குறில். 'பெட்டா' என்ற நீட்டல் எங்கிருந்து வந்தது? கர்நாடகம் கர்நாடகாவாகவும் கேரளம் கேரளாவாகவும் ஆன அதே வழியில்தான் என்பது என் கணிப்பு. ஆங்கில எழுத்தில் எழுதி, அதை மீண்டும் நம் எழுத்தில் படிக்கும்போது முளைக்கிற ஆகாரம் அது. கோத்தகிரி சாலையில் கட்டபெட்டு என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்தப் பெயரின் கடைசியில் உகரம் இருக்கிறது, ஏனென்றால் அது காது வழியாக வந்தது என்று நினைக்கிறேன். தொட்டபெட்டாவோ வரைபடம் வழியாக வந்தது. மலையிலிருந்து நேராக நம்மிடம் இறங்கி வந்திருக்க வேண்டிய பெயர், வெள்ளைக்கார அதிகாரியின் காகிதத்தில் ஏறி, சென்னைக்குப் போய், அங்கிருந்து சுற்றுலாப் பலகையாகத் திரும்பி வந்திருக்கிறது. 1840களின் இறுதியில் அந்த உச்சியில் வானிலையைக் குறித்துவைக்க ஒரு பங்களாவே இருந்தது. சென்னை வானியல் கூடத்தின் பொறுப்பில் மழையும் காற்றும் வெப்பமும் அங்கே பதிவாயின. உயரம் 8640 அடி என்று அப்போதே எழுதிவைத்தார்கள். இன்று நாம் சொல்லும் 2637 மீட்டருக்கு அது பன்னிரண்டு அடிதான் குறைவு. எண்ணை அவ்வளவு கவனமாக வாங்கிக்கொண்டார்கள். பெயர் மட்டும் கை மாறும்போது பொருளை உதிர்த்துவிட்டது.

அந்த உச்சிக்குப் போய்வந்த பலர் 'இவ்வளவுதானா' என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். கூரான சிகரத்தை எதிர்பார்த்துப் போகிறவருக்கு அங்கே கிடைப்பது வளைந்து படர்ந்த ஒரு மேடு. இதற்கும் காரணம் இருக்கிறது. நீலகிரி என்பது சமவெளியிலிருந்து மொத்தமாக மேலெழுந்து நிற்கும் ஒரு பீடபூமி. ஊட்டியே 2240 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து தொட்டபெட்டாவுக்கு ஏற வேண்டியது 400 மீட்டருக்கும் குறைவு. உண்மையான ஏற்றத்தை மேட்டுப்பாளையம் தாண்டி கல்லாறில் தொடங்கி, கொண்டை ஊசி வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டு கடந்துவிட்டோம். மலையின் தோள்வரை வண்டியில் தூங்கிக்கொண்டே வந்துவிட்டு, தலை சிறியதாக இருக்கிறது என்று குறைப்படுவது நியாயமில்லை.

ஹட்டி வாசலில்

மகளின் கட்டுரைக்கு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, என்னோடு வேலை செய்யும் படுக நண்பர் ஒருவர் தன் ஊருக்கு அழைத்தார். படுகர்களின் ஊருக்கு ஹட்டி என்று பெயர். கட்டபெட்டைத் தாண்டி, தேயிலைச் சரிவுகளுக்குள் இறங்கிப் போகிற ஒரு ஹட்டி அது. ஆடி மாதம். வரிசையாக ஓட்டு வீடுகள், முன்னால் ஒரு பொது முற்றம். நண்பரின் அம்மா வெள்ளைத் துணி போர்த்தி, நெற்றியை ஒட்டி வெள்ளைத் தலைத்துணி கட்டி, முற்றத்தில் பாயை விரித்து அவரைக்கொட்டை காயப் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் திண்ணையில் தேநீரோடு அமர்ந்திருந்தோம். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எனக்கு உடனே எழுந்து பாயைச் சுருட்டக் கை பரபரத்தது. சமவெளிக்காரனின் பழக்கம் அது. மேகம் கறுத்தால் காயப் போட்டதை உள்ளே எடுக்க வேண்டும்.

அவர் எடுக்கவில்லை. மேற்கே ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். படுக மொழியில் ஏதோ சொன்னார். மறுபடியும் குனிந்து கொட்டைகளைக் கிளறிவிட்டார். என்ன சொன்னார் என்று நண்பரிடம் கேட்டேன். "பெட்டத்தின் மேல் மேகம் நிற்கிறது, இறங்கவில்லை. அந்தப் பக்கம்தான் பெய்கிறது என்கிறார்." எந்த மலையைச் சொல்கிறார் என்று நான் கேட்டேன். நண்பருக்கு என் கேள்வி விளங்கவில்லை. "எந்த மலையா? அதோ, அதுதான்" என்று தாடையால் காட்டினார். தேயிலைக்கு மேலே, சோலைக்கு மேலே, சாம்பல் நிறத்தில் நீண்ட ஒரு முதுகு. எங்கோ பார்த்த மாதிரி இருந்தது, ஆனால் அடையாளம் தெரியவில்லை. "தொட்டபெட்டாவா?" என்றேன். "ஆமாம்" என்றார், ஏன் இவ்வளவு வியப்பு என்பது போல.

நான் அந்த மலையின் உச்சியில் நான்கு முறை நின்றிருக்கிறேன். அதை வெளியே இருந்து முழுதாகப் பார்த்தது அதுதான் முதல் முறை. உச்சியில் நிற்பவனுக்கு மலை தெரியாது, காலடி மட்டும்தான் தெரியும். இன்னொன்றும் என்னை உலுக்கியது. அந்த அம்மா 'தொட்ட' என்ற சொல்லைச் சொல்லவே இல்லை. வெறும் பெட்ட என்றுதான் சொன்னார். கிணறு ஒன்றே இருக்கும் ஊரில் கிணற்றுக்குப் பெயர் வைக்க மாட்டார்கள். சுற்றிலும் எத்தனையோ மேடுகள் இருக்க, அவர் பேச்சில் மலை என்றால் அது ஒன்றுதான்.

அரை மணி நேரம் ஆயிற்று. மேற்கே மேகம் அப்படியே மலை முதுகில் முட்டிக்கொண்டு நின்றது. எங்கள் பக்கம் மெல்லிய வெயில் வந்தது. அவரைக்கொட்டை காய்ந்தது. பாடப்புத்தகத்தில் மழை மறைவுப் பகுதி என்று படித்து மதிப்பெண் வாங்கியவன் நான். தொட்டபெட்டா மலைத்தொடர் நீலகிரிப் பீடபூமியை இரண்டாகப் பிரிக்கிறது. மேற்கே ஊட்டிப் பக்கம் தென்மேற்குப் பருவமழையைப் பெரிதும் வாங்கிக்கொள்கிறது. கிழக்கே குன்னூரும் கோத்தகிரியும் ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்கு மழையைச் சார்ந்திருக்கின்றன. இதை வரைபடத்தில் அம்புக்குறி போட்டு எழுதியிருக்கிறேன். அந்த அம்மா அதைத் தன் அவரைக்கொட்டையை வைத்துச் சொன்னார். தயங்கித்தான் அவரிடம் கேட்டேன்: "அம்மா, தொட்டபெட்டா என்றால் என்ன பொருள்?" அவர் தமிழில் பதில் சொன்னார்: "பெரிய மலை, தம்பி. வேறென்ன?"

அந்த 'வேறென்ன' என்னோடு கோவைவரை வந்தது. பிறகும் போகவில்லை. முதலில் எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. வானத்தைத் தொட்ட மலை என்பதில் ஒரு கவிதை இருந்தது. பெரிய மலை என்பதில் என்ன இருக்கிறது? சாலையில் போகிற யார் வேண்டுமானாலும் வைக்கக்கூடிய பெயர் என்று நினைத்தேன். அந்த நினைப்பு மாறச் சில மாதங்கள் ஆயின. மாற்றியவை மற்ற மலைகளின் பெயர்கள்.

நீலம் யாருடையது

நீலகிரி என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். குறிஞ்சி பூத்தால் மலை நீலமாகிறது, அதனால் அந்தப் பெயர் என்று ஒரு விளக்கம் உண்டு. அழகான விளக்கம்தான். ஆனால் குறிஞ்சி பூப்பது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை. மேட்டுப்பாளையம் ரயில் நிலையத்துக்கு வெளியே காலையில் நின்று பாருங்கள், பூ இல்லாத ஆண்டிலும் அந்தச் சுவர் நீலமாகத்தான் நிற்கும். தூரத்து மலை எதுவும் நீலம்தான், இடையில் இருக்கும் காற்று அப்படிக் காட்டுகிறது. மேலே வாழ்கிறவர்களின் கண்ணுக்கு அது நீலமில்லை, புல்லும் சோலையும் சேர்ந்த பச்சை. ஆகவே நீலகிரி என்பது கீழே நின்றவர் வைத்த பெயர் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த மலைக்கு 'நீல' என்ற பெயர் முதலில் தென்படுவது 1117ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு ஹொய்சளக் குறிப்பில். மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி ஒருவன், அந்த மலையில் வாழ்ந்த தோடர்களை அஞ்ச வைத்து நீல மலைக்குள் நுழைந்ததாக அது பெருமை பேசுகிறது. வெளியிலிருந்து படையோடு வந்தவனின் வாயில்தான் அந்தப் பெயர் நமக்கு முதலில் கிடைக்கிறது. அஞ்சியவர்கள் தங்கள் மலையை என்ன சொல்லி அழைத்தார்கள் என்பது அந்தக் கல்வெட்டின் கவலை இல்லை.

இப்படிப் பார்க்கத் தொடங்கியதும் ஒவ்வொரு பெயரும், அதை வைத்தவர் எங்கே நின்றார் என்று சொல்லத் தொடங்கிவிட்டது. மூணாறுக்கு மேலே, இரவிகுளம் தேசியப் பூங்காவில் இருக்கிற ஆனைமுடி 2695 மீட்டர், தென்னிந்தியாவிலேயே உயர்ந்த சிகரம். தமிழிலும் மலையாளத்திலும் முடி என்றால் தலையும் உச்சியும். அந்தப் பாறைத் திரட்சியை யானையின் தலையாகக் காண வேண்டுமென்றால் சரியான தூரத்தில் நிற்க வேண்டும். மிகவும் நெருங்கினால் யானை மறைந்து பாறைதான் மிஞ்சும். பெயர் வைத்தவர் காட்டில் யானையை நேருக்கு நேர் பார்த்துப் பழகியவர், மலையைச் சற்று எட்ட நின்று பார்த்தவர். அதே சரிவுகளில் மேய்கிற வரையாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வரை என்றால் மலை. நம் பேச்சிலிருந்து எப்போதோ போய்விட்ட அந்தச் சொல்லை ஓர் ஆடு இன்னும் சுமந்துகொண்டு பாறை விளிம்பில் நிற்கிறது.

நீலகிரியின் மேற்கு ஓரத்தில் முக்கூர்த்தி இருக்கிறது, 2554 மீட்டர். மூக்கு அறுபட்ட மலை என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள், இலக்குவன் கதையையும் சேர்த்துச் சொல்கிறார்கள். ஒரு பக்கம் சரிந்து ஏறி, மறுபக்கம் கேரளத்தை நோக்கிச் செங்குத்தாக வெட்டுண்டு நிற்கும் மலை அது. அந்த வெட்டு பக்கவாட்டில் நிற்பவருக்கு மட்டுமே மூக்காகத் தெரியும். தோடர்களுக்கு அது மூக்கு அல்ல. இறந்தவரின் உயிரும், ஈமச் சடங்கில் அவரோடு அனுப்பப்பட்ட எருமையின் உயிரும் மேற்கே நடந்து, அந்த உச்சியிலிருந்து சேர்ந்து குதித்து மறு உலகம் போகின்றன என்று தோடர்களிடம் கேட்டு எழுதிய 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. ஒரே பாறை. ஒருவருக்கு அறுபட்ட மூக்கு, இன்னொருவருக்கு வழியனுப்பும் வாசல்.

நூற்றெழுபது கிலோமீட்டர்

எவரெஸ்ட்டின் கதை எல்லோருக்கும் தெரியும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். நேபாளத்துக்குள் நில அளவையாளர்கள் நுழைய முடியாத காலம். சமவெளியில் நின்றபடி அந்தச் சிகரத்தைக் கருவியால் நோக்கினார்கள். அருகிலான நிலையமே 170 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. ராதாநாத் சிக்தாரின் கணக்கு அதை உலகின் உயரமான சிகரமாகக் காட்டியது. 1856இல் இந்திய நில அளவைத் தலைவர் ஆண்ட்ரூ வாஹ் 29,002 அடி என்று அறிவித்து, தன் பழைய தலைவர் ஜார்ஜ் எவரெஸ்ட்டின் பெயரை அதற்கு முன்மொழிந்தார். உள்ளூர்ப் பெயர் எதுவும் கிடைக்கவில்லை என்பது அவர் சொன்ன காரணம். வடக்கே திபெத்தியர்கள் சோமோலுங்மா என்று அழைத்துக்கொண்டுதான் இருந்தார்கள், 170 கிலோமீட்டருக்கு அது கேட்கவில்லை. ஒரு செய்தி மட்டும் எனக்கு மறக்கவில்லை. எவரெஸ்ட்டே இதை எதிர்த்தார். தன் பெயரை இந்நாட்டு மொழிகளில் எழுதவும் சொல்லவும் முடியாது என்றார். உள்ளூர்ப் பெயரைக் கண்டுபிடித்து எழுதுவதே முறை என்று தன் அலுவலர்களுக்குக் கற்பித்தவர் அவர். ஆனாலும் 1865இல் அரச புவியியல் கழகம் அவர் பெயரையே உறுதி செய்தது.

அந்த மாபெரும் அளவைப் பணி 1802இல் தொடங்கிய இடம் நம் பரங்கிமலை. லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி அங்கேதான் முதல் அடிக்கோட்டை அளந்தார். தாமஸ் மலை என்று மேலே இருந்தவர்கள் சொன்னார்கள். கீழே இருந்த தமிழர்கள் மேலே இருப்பவர்களைப் பார்த்துப் பரங்கிமலை என்றார்கள். அங்கே பெயர் வைத்தது அடிவாரம்.

என் மனத்தைத் திருப்பியது அலாஸ்காவின் மலை. வட அமெரிக்காவிலேயே உயரமானது, 6190 மீட்டர். 1896இல் தங்கம் தேடிப் போன ஒருவர் அதற்கு மெக்கின்லி என்ற அரசியல்வாதியின் பெயரைச் சூட்டினார். 1917இல் அது அரசுப் பெயராயிற்று. மெக்கின்லி அலாஸ்காவில் கால் வைத்ததே இல்லை. அங்கே காலங்காலமாக வாழ்கிற கோயுகான் மக்கள் அதை அழைத்த பெயர் தெனாலி. பொருள், உயரமானது. வெறும் உயரமானது! இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து போய் ஜன்னலருகே நின்றேன். உலகின் இன்னொரு மூலையில் இன்னொரு மக்கள் அதே 'வேறென்ன' என்ற குரலில் தங்கள் மலையை அழைத்திருக்கிறார்கள். அலாஸ்கா 1975இலிருந்து கேட்டு, 2015இல்தான் தெனாலி என்ற பெயர் அரசுத் தாள்களுக்குத் திரும்பியது. 2025இல் ஓர் ஆணை அதை மறுபடியும் மெக்கின்லி ஆக்கிவிட்டது. ஆணைகள் வரைபடத்தை மாற்றலாம். அடிவாரத்தில் காலையில் மேகம் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்பதை எந்த ஆணையும் தொடாது.

நம் ஊட்டியைச் சுற்றியே அப்படிப்பட்ட பெயர்கள் நிற்கின்றன. ஸ்னோடன், 2530 மீட்டர். வேல்ஸில் இருக்கும் மூல ஸ்னோடன் 1085 மீட்டர்தான், நம்முடையதில் பாதிகூட இல்லை. ஊர் நினைவில் ஏங்கிய யாரோ ஒருவர் அந்தப் பெயரை இங்கே கொண்டுவந்து ஏற்றியிருக்க வேண்டும். அந்த ஏக்கத்தை நான் இழிவாகப் பேச மாட்டேன். ஆனால் அந்தப் பெயர் வேல்ஸிலும் அந்நியப் பெயர்தான். பனிக் குன்று என்று பழைய ஆங்கிலத்தில் பொருள், எட்ட நின்று பார்த்தவர்கள் வைத்தது. வெல்ஷ் மக்களின் பெயர் இர் வித்வா. 2022இல் அந்தத் தேசியப் பூங்காவின் ஆணையம் வெல்ஷ் பெயரையே முதன்மையாகப் பயன்படுத்த முடிவு செய்தது. அங்கே தன் பெயரை மீட்டுக்கொண்ட மலையின் இரவல் பெயர் இங்கே இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எல்க் ஹில்லும் அப்படியே. எல்க் என்ற விலங்கு இந்தியாவிலேயே இல்லை. நம் கடமானைத்தான் வேட்டைக்கார வெள்ளையர் எல்க் என்றார்கள். இன்று அந்தக் குன்றில் முருகன் நிற்கிறான், தைப்பூசத்துக்குக் காவடி ஏறுகிறது, மக்கள் 'எல்க்ஹில் முருகன்' என்று ஒரே மூச்சில் சொல்கிறார்கள். பெயர் அந்நியமானதுதான், ஆனால் அதைச் சொல்கிற நாக்கு அடிவாரத்து நாக்கு. அதைக் கேட்கும்போது எனக்கு இப்போதெல்லாம் கோபம் வருவதில்லை.

பெரியம்மா

இதையெல்லாம் என் மகளிடம் சொல்ல வேண்டியிருந்தது. தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது முடிந்த பிறகு ஒரு நாள், கூடத்துப் படத்தைக் காட்டிச் சொல்லிவிட்டேன். அன்று நான் சொன்னது தவறு, தொட்ட என்றால் பெரிய, பெட்ட என்றால் மலை, எதையும் தொடவில்லை. அவள் முகம் சற்றே வாடியது. பிறகு கேட்டாள்: "அப்படியென்றால் அதற்குப் பெயரே இல்லையா? பெரிய மலை என்பது பெயரா?"

இந்த முறை உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். பெங்களூரின் அந்த வீட்டுத் 'தொட்டம்மா' நினைவுக்கு வந்தார். மாலையில் படி ஏறி வருவார், பிள்ளைகள் தொட்டம்மா என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். மூன்று ஆண்டுகளில் நான் அதைக் கேட்டதே இல்லை, தேவைப்பட்டதும் இல்லை. என் மகளிடம், "உன் பெரியம்மாவை நீ பெயர் சொல்லியா அழைக்கிறாய்?" என்றேன். "இல்லை." "பெரியம்மா என்பது அவருடைய பெயரா?" யோசித்தாள். "பெயர் இல்லை. ஆனால் பெரியம்மா என்றால் அவர் மட்டும்தான்." அதற்கு மேல் நான் விளக்கவில்லை. தொட்டம்மாவில் இருக்கிற அதே தொட்டதான் தொட்டபெட்டத்திலும் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். பெரிய என்ற சொல்லைச் சொல்ல வேண்டுமானால் சின்னவர்களையும் தெரிந்திருக்க வேண்டும். அந்த மலையைச் சுற்றியுள்ள எல்லா மேடுகளையும் ஏறி இறங்கி, மாடு மேய்த்து, மழை பார்த்து, ஒவ்வொன்றின் இடத்தையும் அறிந்தவர்கள்தான் அதைப் பெரியது என்று சொல்லியிருக்க முடியும். நீலமும் யானைத் தலையும் ஒரு பார்வையில் கிடைத்துவிடும். பெரிய என்பது கிடைக்க, ஒரு வீட்டில் வளர்வதுபோல் அங்கே வளர வேண்டும்.

படம் கூடத்திலேயே இருக்கிறது. அவள் அதன் பின்புறம் பென்சிலால் 'பெரிய மலையில் நான்' என்று எழுதி, பழைய கட்டுரை நோட்டில் அந்த முதல் வரியை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டாள். 'அருமை' என்பதை அடிக்கவில்லை.

கடந்த ஐப்பசியில் அவளுக்கு அந்த ஹட்டியைக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. விடுப்பில் ஊருக்குப் போயிருந்த நண்பரைக் கைப்பேசியில் அழைத்தேன். நாளை காலை கிளம்புகிறோம், பகல் சாப்பாட்டுக்கு அங்கே இருப்போம் என்றேன். அவர் சரி என்று சொல்வதற்குள் பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"காலையிலிருந்து பெட்ட தெரியவில்லையாம். குழந்தையை அழைத்துக்கொண்டு நாளை வர வேண்டாம் என்கிறார்."

நாங்கள் போகவில்லை.